தையலுக்கு அரை இன்ச்

மச்சினன் ஊரைவிட்டுப் புறப்பட்ட அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை, வழியனுப்ப வந்தவர்களெல்லாம் பேருந்தின் ஜன்னலைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டிருக்க, தையல்காரர் மட்டும் அதன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான வண்டி. நிலையத்தின் வாசல் குறுகல். உள்பக்கப் பின்சக்கரம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்க, வெளிப்பக்க முன்முனை பெரிய வட்டமாகச் சுற்றி, ஒரு தள்ளுவண்டியை மயிரிழையில் தப்பவிட்டு, சாலைக்குள் நுழைந்தது.

"முப்பதடி சுத்தியிருக்கும்," என்றார் யாரையும் பார்க்காமல்.

"என் தம்பி போறான். நீங்க பஸ்ஸுக்கு அளவெடுக்கறீங்க," என்றாள் மனைவி. மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "கவனிச்சீங்களா? 'போயிட்டு வரேன்'னு சொல்லல. 'போறேன்'னு சொன்னான்."

கவனித்திருந்தார். அதனால்தான் சக்கரத்தைப் பார்த்தார்.

அவருடைய கடை ஒரு மாடியறை. ஏறிப் போகும் மரப்படியில் ஏழாவது படி மட்டும் முனகும்; அதை வைத்தே ஆள் வருவதைத் தெரிந்துகொள்வார். அறையின் பாதியை வெட்டுமேசை அடைத்துக்கொண்டிருக்கிறது. ஜன்னலோரம் மனைவியின் தையல் இயந்திரம். வந்தவரை நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, கழுத்தில் கிடக்கும் டேப்பை உருவி அவர் அளவைச் சொல்லச் சொல்ல, மனைவி திரும்பிப் பார்க்காமலேயே அளவு நோட்டில் எழுதிக்கொள்வாள். அவர் உதடுகளுக்கு நடுவே எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருக்கும். அவற்றோடேயே பேசுவார், கொட்டாவி விடுவார், ஒருமுறை தும்மியும் இருக்கிறார்; ஊரில் அவருக்குப் பெயரே 'குண்டூசி அண்ணன்'. ஊருக்கெல்லாம் பொருத்தமாகத் தைக்கிறவரின் சொந்தச் சட்டையில் இரண்டாவது பொத்தான் மட்டும் வேறு நிறம். கேட்டால், "என்னைப் பாக்கவா வரீங்க, உங்களைப் பாத்துக்கத்தானே வரீங்க?" என்று நிலைக்கண்ணாடியைக் காட்டுவார்.

ஒரு விஷயத்தில் அவருக்குக் கர்வம் உண்டு. ஒரு தடவைதான் அளப்பார். "ரெண்டு தடவ அளந்தா ரெண்டு அளவு வரும். அப்புறம் எதை நம்புவ?" என்பார். முப்பது வருடத்தில் இந்தக் கர்வத்தால் கெட்ட துணி எதுவும் இல்லை என்பது அவர் கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வெட்டுமேசை போர்க்களமாகிவிடும்.

இது எப்படி ஆரம்பித்தது என்றால், ஏழெட்டு வருடம் முன்பு பள்ளிக்கூட வாத்தியாரும் மருந்துக்கடைக்காரரும் ஒரு பெரிய பச்சைக் கம்பளித் துணியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார்கள். ஓரம் மடித்துத் தைத்துத் தர வேண்டும். எதற்கு என்று கேட்டதற்கு இருவரும் கொஞ்சம் வெட்கப்பட்டார்கள். விரலளவு பொம்மை வீரர்களை மேசைமேல் அணி வகுத்து, பகடை உருட்டி, புத்தகத்தில் உள்ள விதிப்படி சண்டை போடுகிற விளையாட்டு. இருவருமே நாற்பதைத் தாண்டியவர்கள். வெட்கம் தீர்வதற்குள் அவர்களுக்குள்ளேயே வாக்குவாதம் முற்றிவிட்டது. முந்தின வாரம் நடந்த ஒரு திருப்பத்தைப் பற்றி.

வரிசையாக நிற்கும் படை, தனியாள் போல நினைத்த பக்கம் திரும்பிவிட முடியாது. ஓர் ஓரத்து வீரன் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மறு ஓரத்து வீரன் வட்டமாக நடக்க வேண்டும். நடுவில் இருப்பவர்கள் வரிசை குலையாமல் கூடவே போக வேண்டும். கீலில் கதவு திறப்பது போல. அதனால் அவர்கள் அதற்குக் 'கதவு' என்றே பெயர் வைத்திருந்தார்கள். விதிப்புத்தகத்தின் பத்தொன்பதாம் விதி சொல்வது ஒற்றை வரி: வெளி ஓரத்து வீரன் கடக்கும் தூரமே அந்தப் படை கடந்த தூரம். அந்தத் தூரத்தை எப்படி அளப்பது என்று புத்தகம் சொல்லவில்லை. வாத்தியார் புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேர்ந்த இடத்துக்கு ஸ்கேல் வைத்து நேர்கோட்டில் அளப்பார். மருந்துக்கடைக்காரர் நூலை வளைத்துப் போட்டு அளப்பார். நூல் அளவு எப்போதும் கூடவே வரும். படை எட்டியதா எட்டவில்லையா என்று இருவரும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார்கள்.

தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். இப்படி அவர் ஊசிகளை எடுத்தால் ஏதோ முக்கியமாகச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"சார், அக்குள் வளைவை ஸ்கேல் வெச்சா அளப்பீங்க?"

வாத்தியார் விழித்தார்.

தையல்காரர் டேப்பைத் தட்டையாகப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்திக் காட்டினார். நின்ற டேப் சொன்ன பக்கம் வளைந்தது. கைக்குழி வளைவை எல்லாத் தையல்காரர்களும் இப்படித்தான் அளக்கிறார்கள். சுண்ணக்கட்டியால் துணிமேல் வளைகோடு ஒன்று கிழித்து, அதன்மேல் டேப்பை நிறுத்தி, "இதான் அவன் நடந்த தூரம். காக்கா பறக்கிற தூரம் வேற, கால் நடக்கிற தூரம் வேற," என்றார். சண்டை அன்றோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு அவர்கள் பொம்மைகளோடு வந்தார்கள். அவர் மேசையைக் காலி செய்து வைத்திருந்தார்.

அவர் ஆடுவதில்லை. ஒருநாளும் ஆடியதில்லை. கதவு என்று யாராவது சொன்னால் மட்டும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வருவார். அசையாமல் நிற்க வேண்டிய ஓரத்து வீரனின் காலடியில் துணியோடு சேர்த்து ஒரு குண்டூசி குத்துவார். ஏனென்றால் திருப்பும்போது அந்த ஆளைச் சத்தமில்லாமல் கால் விரல் தூரம் முன்னால் நகர்த்துவதில் மருந்துக்கடைக்காரர் கெட்டிக்காரர். "இவனுக்குச் சேத்துல கால். அவனுக்கு ஆத்துல கால். சேத்துல இருக்கறவன் நகரக் கூடாது," என்பார். வெளி ஓரத்து வீரன் போகும் பாதையைச் சுண்ணக்கட்டியால் கிழிப்பார். டேப்பை நிறுத்துவார். அளவைச் சொல்வார். அவ்வளவுதான்.

புத்தகம் வாயடைத்துப்போன இடங்களிலெல்லாம் துணி பேசியது. ஒரே நகர்வில் இடப்பக்கம் ஒரு கதவும் வலப்பக்கம் ஒரு கதவும் போட்டு எதிரிக்குப் பக்கவாட்டில் நுழையலாமா? "ரெண்டு மடிப்பு வெச்சாலும் துணி ஒரே துணிதான். ரெண்டையும் கூட்டு, உள்ள வந்தா போ." பின்பக்கமாகக் கதவு போடலாமா? "முதுகு காட்டித் திரும்பறதுக்குப் பேர் சண்டையா? ஓட்டம்." திரும்பும் வழியில் சொந்தப் படையையே உரசினால்? "உரசின இடத்துல நிறுத்து. உள்ளயே கிழிஞ்சா வெளிய என்ன தைக்கிறது?" வாத்தியார் இவற்றையெல்லாம் விதிப்புத்தகத்தின் ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். பத்தொன்பதாம் விதி இருக்கும் பக்கத்தில் அச்செழுத்தைவிடப் பென்சில் எழுத்துதான் அதிகம்.

மச்சினன் மூன்றாவதாக வந்து சேர்ந்தவன். பட்டறையில் வெல்டர். அக்கா வீட்டிலேயே வளர்ந்தவன். ஆறு குதிரை வீரர்களை வாங்கி, அக்காவின் நகப்பாலிஷைத் திருடி அவர்களுக்குச் சிவப்புச் சட்டை பூசியவன். வாத்தியாரிடம் மூன்று வருடமாகத் தோற்றுக்கொண்டே இருந்தான். தோற்ற ஒவ்வொரு முறையும் வாத்தியார் அவன் தோளைத் தட்டி, "அடுத்த பரீட்சையில பாத்துக்கலாம்," என்பார். அந்தத் தட்டுதான் அவனுக்கு ஆகாது. கப்பலில் வேலை கிடைத்து, ஞாயிறு மாலை பேருந்து என்று முடிவானதும் அவன் சொன்னது ஒன்றே ஒன்று: "ஞாயித்துக்கிழமை மதியம் ஒரு ஆட்டம் இருக்கு. அதை முடிச்சுட்டுத்தான் பஸ் ஏறுவேன்."

ஞாயிறுகளில் கடைக்கு வராத மனைவியும் அன்று அங்கே இருந்தாள். தம்பி கொண்டுபோக வேண்டிய பேண்ட்டுக்குக் கால் மடிப்பு பாக்கி. ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

நாலு மணிக்கு ஆட்டம் ஒரே இடத்தில் வந்து நின்றது. வாத்தியாரின் காலாட்படை முழுவதும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்க, அதன் பக்கவாட்டில் மச்சினனின் ஆறு குதிரைகள். திரும்பி மோதினால் வாத்தியாரின் வரிசை சீட்டுக்கட்டு மாதிரி சரியும். குதிரைக்கு ஒரு நகர்வில் எட்டு இன்ச். எட்டுக்குள் வந்தால் மோதலாம். வராவிட்டால் குதிரைகள் அந்தரத்தில் நிற்கும்; அடுத்த முறை வாத்தியார் அவற்றை நிதானமாகத் தீர்த்துக்கட்டுவார்.

"மாமா, கதவு," என்றான் மச்சினன்.

தையல்காரர் ஊசி குத்தினார். வளைகோடு கிழித்தார். டேப்பை நிறுத்தினார். கடையில் அளவு சொல்கிற அதே வாக்கில் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி, ஊசிகளுக்கு நடுவிலிருந்து சொன்னார்:

"எட்டே கால்."

மனைவியின் கை தன்னையறியாமல் பென்சிலைத் தேடியது. பிறகு அது துணியளவு இல்லை என்று உணர்ந்து நின்றது.

வாத்தியார் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டார்.

"எட்டே காலா? எட்டே இருக்காது போலத் தெரியுதே மாமா."

"கண்ணு அளக்காது மாப்ள. டேப்புதான் அளக்கும்."

"இன்னொரு தடவ அளங்க."

"எத்தன தடவ அளந்தாலும் அதேதான்."

"அதேதான்னா அளந்து காட்டுங்களேன்?"

மருந்துக்கடைக்காரர் நிலைமையை லேசாக்கப் பார்த்தார். "தம்பி, குண்டூசி அண்ணன் டேப்பையே சந்தேகப்பட்டா, நாளைக்கு உன் பேண்ட் இடுப்புல நிக்காதுடா!"

தையல்காரர் ஏற்கெனவே டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இஸ்திரிப் பெட்டியின் பக்கம் போயிருந்தார். மச்சினன் கொஞ்ச நேரம் அவர் முதுகைப் பார்த்தான். "சரி. உங்க அளவு," என்றான். வாத்தியார் தோளைத் தட்டினார். குதிரைகளை எடுக்காமலேயே அவன் படியிறங்கினான். ஏழாவது படி முனகியது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் மற்றவர்களும் போட்டது போட்டபடி ஓடினார்கள்.

மறுநாள் காலை துணி வெட்ட மேசை வேண்டும். தையல்காரர் ஆறு குதிரைகளையும் பொத்தான் டப்பாவில் போட்டார். பச்சைத் துணியைச் சுண்ணக்கோட்டோடு அப்படியே சுருட்டி அலமாரியின்மேல் வைத்தார். தட்டவில்லை, தட்டும் மனநிலையில் இல்லை. அடுத்த இரண்டு ஞாயிறும் ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மூன்றாவது வாரம் புதன்கிழமை, ஒரு காவலாளி சீருடை தைக்க வந்தார். பழைய கடையில் எழுதிக் கொடுத்த அளவுச் சீட்டைக் கையில் வைத்திருந்தார். தையல்காரர் அளந்து சொன்னதும் சீட்டைப் பார்த்துக் குழம்பினார்.

"அண்ணே, போன மாசம் என் கை இருபத்திமூணு. இப்ப இருபத்திமூணரைங்கறீங்க. இந்த வயசுல கை வளருமா?"

மனைவி சிரித்தாள். "அது ஒண்ணுமில்லண்ணே. தையலுக்கு விடற அரை இன்ச்சு அவரு வாயிலயே சேந்து வந்துடும். நான் எழுத, அவரு சொல்லன்னு முப்பது வருஷப் பழக்கம். அவருக்கே தெரியாது."

தையல்காரரின் டேப் காவலாளியின் மணிக்கட்டிலேயே நின்றுவிட்டது.

காவலாளி படியிறங்கும்வரை பொறுத்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அலமாரியிலிருந்து பச்சைத் துணியை இறக்கினார். மேசையில் கிடந்த பாதி வெட்டிய சட்டைத்துணியை ஒதுக்கிவிட்டு விரித்தார். சுண்ணக்கோடு மங்கலாக, ஆனால் முழுசாக இருந்தது. ஊசி குத்திய துளையும் இருந்தது. டேப்பை விளிம்பில் நிறுத்தினார். ஏழே முக்கால். எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தினார். ஏழே முக்கால். மூன்றாவது தடவை மனைவியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார்.

"ஏழே முக்கால்," என்றாள் அவள். அதற்கு அரை இன்ச் கூட்டினால் என்ன வரும் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. "அட பாவி மனுஷா! என் தம்பி குதிரைக்குமா தையலுக்கு விட்டீங்க?"

சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"இத்தன வருஷம் ஞாயித்துக்கிழமை அளவெல்லாம் சரியாத்தானே சொன்னீங்க?" என்றாள் கொஞ்சம் கழித்து.

"நீ எதிர்ல இருந்தது அன்னிக்கு மட்டுந்தான்," என்றார். "உன்னப் பாத்துச் சொன்னேன்."

அன்று மதியமே துணியையும் கோட்டையும் அதன்மேல் நிற்கும் டேப்பையும் போனில் படம் எடுத்தார். ஒற்றை விரலால் தட்டினார்: *மாப்ள. அன்னிக்கு ஏழே முக்கால். நீ ஜெயிச்சிருக்க. இன்னொரு தடவ அளந்திருக்கணும். தப்பு என்னோடது.* அனுப்பினார். ஒற்றைக் குறி விழுந்தது. கப்பல் எங்கேயோ கடலில் இருந்தது.

ஞாயிறு அவர்களை வரச்சொல்லி விஷயத்தைச் சொன்னார். மருந்துக்கடைக்காரர், "யானைக்கும் அடி சறுக்கும்ணே, விடுங்க," என்றார். வாத்தியாருக்கு அது அவ்வளவு சுலபமாக இல்லை.

"அப்ப நான் ஜெயிச்சது?"

"நீங்க ஜெயிக்கல சார்."

"ரிசல்ட் போட்டாச்சே. மறுகூட்டலுக்குத் தேதி முடிஞ்சுபோச்சு." சொன்னபிறகு அவருக்கே அது நன்றாக இல்லை. விதிப்புத்தகத்தின் பின்அட்டையில் வெற்றி தோல்வி எழுதும் இடத்தில், அந்த ஞாயிற்றுக்கு நேராகத் தன் பெயரைப் பென்சிலால் அடித்தார். பாதி அடித்துவிட்டு நிமிர்ந்தார். "அவன் பேரை எழுதட்டுமா?"

"அவன் வந்து எழுதட்டும்," என்றார் தையல்காரர். டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து ஆணியில் மாட்டினார். "ஆடுங்க. மேசை உங்களுது. கதவு மட்டும் என்னைக் கேக்காதீங்க. அவன் பதில் வர வரைக்கும் நான் அளக்கறதில்ல."

அதன்பிறகு வந்த ஞாயிறுகளை மனைவி 'சந்தைக்கடை' என்பாள். வாத்தியார் மறுபடி ஸ்கேலை எடுத்தார். மருந்துக்கடைக்காரர் கடையிலிருந்து பேண்டேஜ் சுருளைக் கொண்டுவந்தார். அது இழுத்த இழுப்புக்கு நீளும் என்பதை மூன்று வாரம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சேற்றில் கால் வைத்திருக்க வேண்டிய வீரர்கள் கூசாமல் நடந்தார்கள். தையல்காரர் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இஸ்திரி போடுவார். "கதவு!" என்று குரல் கேட்டதும் தோள்பட்டை ஒரு துள்ளுத் துள்ளும். திரும்ப மாட்டார். ஒரே சட்டையை மூன்று முறை தேய்ப்பார். ஒருநாள் ஒரு காலர் பொசுங்கிய பிறகுதான் நிறுத்தினார்.

மச்சினன் மாதம் ஒருமுறை அக்காவுக்குப் பேசினான். கப்பல் தொலைபேசி, குரல் கிணற்றுக்குள்ளிருந்து வரும். சாப்பாடு, தூக்கம், கால்வலி எல்லாம் சொல்வான். "மாமா பக்கத்துலதான் இருக்கார், தரட்டுமா?" என்றால், "லைன் கட்டாவுதுக்கா," என்பான். லைன் கட்டாகவே செய்யும். நாலாவது மாதம் ஒற்றைக் குறி இரட்டைக் குறியானது. அதற்கடுத்த பேச்சில் அக்காவே கேட்டாள்.

"மாமா ஒண்ணு அனுப்பியிருந்தாரே, பாத்தியா?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த பேசேன்டா. மனுஷன் டேப்ப ஆணியில மாட்டிட்டாரு."

"லைன் கட்டாவுதுக்கா."

தையல்காரர் எதிரில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. பொத்தான் டப்பாவைத் திறக்கும்போதெல்லாம் சிவப்புச் சட்டைக் குதிரை வீரர்களை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டுத்தான் பொத்தான் தேடுவார். வேறு டப்பாவுக்கு மாற்றச் சொல்லி மனைவி இரண்டு முறை சொன்னாள். மாற்றவில்லை. கடை வேலைக்கென்று புது டேப் ஒன்று வாங்கிக்கொண்டார். பழையது ஆணியிலேயே தொங்கியது. கடை வேலையிலும் ஒரு மாற்றம்: அளவு சொல்லும்போதெல்லாம் "தையல் இல்லாம," என்று கூடவே ஒரு வார்த்தை ஒட்டிக்கொண்டது. "தெரியும், சொல்லுங்க," என்பாள் அவள் சலிப்போடு.

ஒரு வருடமும் நாலு மாதமும் கழிந்தன. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அதே காவலாளி அடுத்த சீருடைக்கு அளவு கொடுக்க வந்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கி நின்றுகொண்டிருந்தபோது, மேசையில் கிடந்த போன் அதிர்ந்தது. மனைவி எட்டிப் பார்த்தாள். பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"அவந்தான். உங்களுக்கு."

முதலில் ஒரு படம். இரும்பு மேசை. அதன்மேல் ஒட்டி ஒட்டி வரிசையாக ஆறு பெரிய நட்டுகள். அவற்றுக்கு அப்பால், பக்கவாட்டைக் காட்டிக்கொண்டு ஒரு போல்ட் வரிசை. ஓரத்து நட்டின் காலடியில் காந்தத் துண்டு ஒன்று, குண்டூசிக்குப் பதிலாக. மறு ஓரத்து நட்டிலிருந்து போல்ட் வரிசையின் முனைவரை வெல்டர் சுண்ணக்கட்டியால் ஒரு வளைகோடு. படத்தின் கீழே எழுத்து:

*மாமா, இங்க நாலு பேரச் சேத்துட்டேன். கதவுக்குத் தெனமும் சண்ட. ஒருத்தன் ஸ்கேல் வெக்கிறான், ஒருத்தன் கயிறு போடறான். நான் சொன்னா எவனும் கேக்கல, எங்க மாமா சொன்னா கேப்பியான்னு கேட்டேன், சரின்னுட்டானுங்க. ஒவ்வொரு நட்டும் சரியா ஒரு இன்ச். இது எட்டுக்குள்ள வருதா, நீங்க அளந்து சொல்லுங்க. நீங்க சொல்றதுல அரை இன்ச்ச நானே கழிச்சுக்கறேன்.*

மனைவி அதை உரக்கப் படித்தாள். கடைசி வரியில் குரல் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் உடைந்தது.

தையல்காரர் வாயிலிருந்த ஊசிகளை எடுத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பஞ்சில் குத்தினார். நாற்காலி போட்டு ஏறிப் பச்சைத் துணியை இறக்கி விரித்தார். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து ஆறு குதிரைகளையும் பொறுக்கினார். போனைப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, நட்டு நின்றபடியே, ஒன்றுக்கு ஒரு இன்ச்சாக, குதிரைகளை நிறுத்தினார். போல்ட் வரிசைக்குப் பதிலாக ஸ்கேலைக் கிடத்தி, தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, அதன் முனையைச் சரிசெய்தார். ஊசி குத்தினார். வளைகோடு கிழித்தார். ஆணியிலிருந்து பழைய டேப்பை எடுத்து, படிந்திருந்த தூசியைச் சட்டையில் துடைத்தார்.

"அண்ணே, கையை இறக்கலாமா?" என்றார் காவலாளி.

மனைவி பென்சிலோடு காத்திருந்தாள். தையல்காரர் டேப்பை விளிம்பில் நிறுத்தினார். குனிந்து பார்த்தார். உதடு அசைந்தது. ஆனால் சொல்லவில்லை.

டேப்பை எடுத்துவிட்டு, இன்னொரு தடவை அளந்தார்.